ஆண்களுக்கான 'பூட்வார்' புகைப்படம்: அறைக்குள் எடுத்த படம் யாருக்குச் சொந்தம்?

மும்பை: கடந்த 2022ஆம் ஆண்டு ஜூலை மாதம், நியூயார்க்கிலிருந்து வெளியாகும் 'பேப்பர்' இதழுக்காக நடிகர் ரன்வீர் சிங் ஆடையின்றி எடுத்துக்கொண்ட புகைப்படங்கள் சமூக ஊடகங்களில் பரவின. சில நாள்களிலேயே மும்பை செம்பூர் காவல் நிலையத்தில் அவர்மீது முதல் தகவல் அறிக்கை பதிவானது. ஆபாசப் பொருள்களைப் பரப்புதல் தொடர்பான அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292, 293ஆவது பிரிவுகளும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவும் அதில் இடம்பெற்றன. பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்துதல் குறித்த 509ஆவது பிரிவும் சேர்க்கப்பட்டது. அடுத்த மாதம் காவல் துறையினரிடம் வாக்குமூலம் அளித்த ரன்வீர், புகாரில் சுட்டப்பட்ட படங்களுள் ஒன்று மாற்றியமைக்கப்பட்டது என்று கூறியதாகச் செய்திகள் வெளியாயின.

முன்னணி நடிகர் ஒருவருக்கே தன் படம் எங்கே, எந்த வடிவில் போய்ச் சேர்கிறது என்பதைக் கட்டுப்படுத்த இயலவில்லை. கட்டணம் செலுத்தி, பூட்டிய அறைக்குள், தனக்காக மட்டும் இத்தகைய படங்களை எடுத்துக்கொள்ளும் சாமானிய மனிதரின் நிலை என்ன? மும்பை, டெல்லி, பெங்களூரு போன்ற பெருநகரங்களில் 'பூட்வார்' புகைப்படம் எடுக்கும் கலைஞர்களுள் சிலர் ஆண்களையும் வாடிக்கையாளர்களாக ஏற்று வரும் நிலையில், இக்கேள்வி முக்கியத்துவம் பெறுகிறது.

பெயரும் பொருளும்

'பூட்வார்' என்பது பிரெஞ்சுச் சொல். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. வசதி படைத்த வீட்டுப் பெண்ணின் தனியறையைச் சுட்டியது. படுக்கையறைச் சூழலில், குறைந்த ஆடையுடனோ ஆடையின்றியோ, ஒருவர் தமக்காகவோ தம் துணைக்காகவோ எடுத்துக்கொள்ளும் படங்களுக்கு இன்று அப்பெயர் வழங்குகிறது. ஆண்களுக்கான வகையை மேலை நாடுகளில் வேடிக்கையாக 'டூட்வார்' என்கின்றனர். விளம்பரப் படங்களிலிருந்தும் இதழ்ப் படங்களிலிருந்தும் இதனைப் பிரித்துக் காட்டுவது ஒன்றுதான்: இப்படங்கள் பொதுவெளிக்காக எடுக்கப்படுபவை அல்ல.

வாடிக்கையாளர்கள் வரும் காரணங்கள் பல. மனைவிக்குத் திருமண நாள் பரிசாக ஆல்பம் தர விரும்புபவர், நாற்பது வயதைத் தொடுபவர், பெருமளவு எடை குறைத்தவர், நோயிலிருந்து மீண்டு தழும்புகளோடு தன் உடலைப் புதிதாகப் பார்க்க நினைப்பவர் எனப் பட்டியல் நீளும். கட்டுமஸ்தான உடல் உள்ளவர்களுக்கே உரியது என்ற எண்ணம் பரவலாக இருப்பினும், இச்சேவை அதற்கு நேர்மாறான இடத்தில்தான் அதிகம் பொருள்படுகிறது. உடற்பயிற்சிக் கூடத்து இளைஞருக்குக் கண்ணாடி போதும்.

சாண்டோ முதல் சோமன் வரை

ஆணுடலைக் கேமரா இன்று புதிதாகப் பார்க்கவில்லை. பிரஷ்யாவில் 1867ஆம் ஆண்டு பிறந்து, லண்டனில் புகழ்பெற்ற யூஜின் சாண்டோ, அத்தி இலை மட்டுமே மறைப்பாக இருக்க எடுத்துக்கொண்ட படங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அட்டைகளாக விற்பனையாயின. 1893ஆம் ஆண்டு நியூயார்க்கில் நெப்போலியன் சரோனி அவரைப் படமெடுத்தார். 1904-05ஆம் ஆண்டுகளில் சாண்டோ இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். கையில்லாத பனியனுக்கு இந்தியாவில் இன்றும் அவர் பெயரே வழங்குகிறது; தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் நின்றதும் அதே 'சாண்டோ'தான்.

அதன் தொடர்ச்சியை பெங்களூருவில் காணலாம். உடற்பயிற்சி ஆசானும் கன்னட நாவலாசிரியருமான கே.வி. ஐயர், கோவணம் அளவே ஆன ஆடையுடன் கிரேக்கச் சிலை போல் நின்ற தம் படங்களைத் தம் நூல்களில் அச்சிட்டார். அவற்றை எவரும் ஆபாசமெனக் கருதவில்லை. வயலில், கோயிலில், மல்யுத்தக் களத்தில் ஆணின் திறந்த மார்பு இந்தியருக்கு அன்றாடக் காட்சி. ரெஹானா பாத்திமா வழக்கில் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் தீர்ப்பளித்த கேரள உயர் நீதிமன்றமும், ஆணின் மேலுடல் இயல்பானதாகக் கருதப்படுவதையும் பெண்ணின் உடல் அவ்வாறு கருதப்படாததையும் சுட்டிக்காட்டி, நிர்வாணம் அனைத்தும் ஆபாசம் ஆகிவிடாது என்று கூறியது.

ஆனால் வலிமையைக் காட்டும் உடல், விரும்பத்தக்க உடலாகக் காட்டப்படும்போது வரவேற்பு மாறிவிடுகிறது. அமெரிக்காவில் ஆணழகுப் படங்களை அஞ்சலில் விற்ற பாப் மைசர் 1947ஆம் ஆண்டு தண்டனை பெற்றார். அத்தகைய இதழ்கள் ஆபாசமானவை அல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்ல 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1972ஆம் ஆண்டு ஏப்ரல் மாத 'காஸ்மோபாலிட்டன்' இதழில் கரடித்தோல் விரிப்பின்மீது ஆடையின்றிப் படுத்திருந்த நடிகர் பர்ட் ரெனால்ட்ஸ், பெண் வாசகர்களுக்காக ஓர் ஆண் அவ்வாறு காட்சியளித்த முன்னோடிப் படமாக அதை ஆக்கினார். அதே ரெனால்ட்ஸ், அதற்காக வருந்துவதாகப் பிற்காலத்தில் பலமுறை கூறினார் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தியாவில் 1995ஆம் ஆண்டு மிலிந்த் சோமனும் மது சாப்ரேயும் மலைப்பாம்பு சுற்றியிருக்க, காலணி மட்டும் அணிந்து தோன்றிய 'டஃப்' நிறுவன விளம்பரம் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அதை எடுத்தவர் பிரபுத்த தாஸ்குப்தா. வழக்கு 14 ஆண்டுகள் இழுத்து, 2009ஆம் ஆண்டுதான் விடுதலையில் முடிந்தது. 2020ஆம் ஆண்டு நவம்பரில் கோவா கடற்கரையில் ஆடையின்றி ஓடும் படத்தை வெளியிட்டதற்காகச் சோமன்மீது மீண்டும் வழக்குப் பதிவானது.

வேறொரு வகை அச்சத்தைப் பதிவு செய்தவர் டெல்லியில் பிறந்த புகைப்படக் கலைஞர் சுனில் குப்தா. 1980களின் பிற்பகுதியில் தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களை டெல்லியின் பொது இடங்களில் அவர் எடுத்த 'எக்ஸைல்ஸ்' வரிசையில் பலரது முகங்கள் தெரிவதில்லை. இத்தனைக்கும் அவர்கள் ஆடை அணிந்தே இருந்தனர். 377ஆவது பிரிவின் பிடியிலிருந்து உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 6 அன்று. சட்டம் விலகியபின்னும், குடும்பத்துக்குத் தெரியாமல் வாழும் ஒருவருக்குப் படம் கசிவது என்பது வெறும் கூச்சம் சார்ந்த விஷயம் அன்று.

அறைக்குள் நடப்பது

தொழில்முறைக் கலைஞர்கள் முதல் சந்திப்பைக் கேமரா இல்லாமலே நடத்துகின்றனர். என்னென்ன படங்கள், எதுவரை ஆடை, எந்த உறுப்பு தெரியக் கூடாது, முகம் தெரியலாமா, தழும்பையோ பச்சை குத்தலையோ மறைக்க வேண்டுமா என்பன அப்போதே எழுத்தில் குறிக்கப்படும். வயதைக் காட்டும் அரசு அடையாள அட்டையைப் பார்ப்பது கட்டாயம். 18 வயது நிறையாதவரைப் பெற்றோர் ஒப்புதலுடன்கூட இவ்வாறு படமெடுக்க இயலாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டமும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் பாயும்.

ஆண்களுக்கு இச்சேவையைத் தொடங்கும் கலைஞர், குறிப்பாகப் பெண் கலைஞர், எதிர்கொள்ளும் சிக்கல் வேறு. விசாரிப்பவர்களுள் சிலர் இதைப் பாலியல் சேவையாகப் புரிந்துகொண்டு வருகின்றனர். முன்பணம், காணொலி அழைப்பு வழியே நேர்முகம், உதவியாளர் உடனிருத்தல், எல்லை மீறும் பேச்சோ நடத்தையோ எழுந்தால் படப்பிடிப்பை உடனே நிறுத்தும் உரிமை ஆகியவற்றை முதல் மின்னஞ்சலிலேயே தெரிவிப்பது இவர்களை வடிகட்டிவிடும். யார் உடனிருப்பார் என்பது வாடிக்கையாளருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். படமெடுக்கும் அறைக்குள் தெரியாத முகம் ஒன்று தேநீருடன் நுழைவது போதும், அதுவரை கட்டியெழுப்பிய நம்பிக்கை குலைய.

பெண்களுக்கான போஸ்களை அப்படியே ஆணிடம் திணிப்பது பயன் தருவதில்லை. ஆண்களுக்குப் பெரும்பாலும் கைகளை எங்கே வைப்பது என்பதே முதல் குழப்பம். சட்டைப் பித்தான், கைக்கடிகாரம், துண்டு, வேட்டி மடிப்பு என ஏதேனும் ஒன்றைப் பிடிக்கக் கொடுத்தால் உடல் தானாகத் தளரும். ஜன்னல் வெளிச்சமோ ஒரே பக்கத்திலிருந்து விழும் விளக்கோ தோள், மார்பு, முதுகின் வடிவங்களை எடுத்துக்காட்டும். அதே வெளிச்சத்தில் வயிற்றுப் பகுதியை நிழலில் விட்டுவிடவும் முடியும். போஸைக் கலைஞர் தாமே செய்து காட்டுவதுதான் முறை. தொட்டுத் திருத்துவதாயின் ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

சிறு விவரங்கள் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். காலுறையும் உள்ளாடையின் எலாஸ்டிக்கும் தோலில் பதிக்கும் தடம் மறையச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால், தளர்ந்த ஆடையுடன் வருமாறு சொல்லப்படுகிறது. முகச் சவரமோ உடல் முடியைக் குறைப்பதோ அன்று காலையில் செய்தால் தோல் சிவந்திருக்கும். ஓரிரு நாள்களுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. ஏசி மிகக் குளிராக இருந்தால் மயிர்க்கூச்செறிவதைப் படத்தில் மறைக்க இயலாது. கட்டணத்துக்குப் பொதுவான அளவுகோல் இல்லை. மணி நேரம், திருத்தித் தரும் படங்களின் எண்ணிக்கை, ஒப்பனை, ஆல்பம் ஆகியன தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளனவா என்று மட்டும் பார்க்கலாம்.

சட்டத்தின் இடைவெளி

இத்தகைய படத்தை எடுப்பதே குற்றமா என்ற ஐயம் பலருக்கும் உண்டு. வயது வந்தவர் ஒருவர், தம் ஒப்புதலுடன், தனிப்பட்ட பயனுக்காகப் படமெடுத்துக்கொள்வதைத் தடுக்கும் பிரிவு ஏதுமில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள் குறிவைப்பது, ஆபாசமான அல்லது வெளிப்படையான பாலியல் செயலைக் காட்டும் உள்ளடக்கத்தை மின்னணு வடிவில் வெளியிடுவதையும் அனுப்புவதையும்தான். முதல் முறை குற்றத்துக்கு 67இன்கீழ் 3 ஆண்டு வரையும், 67ஏ-இன்கீழ் 5 ஆண்டு வரையும் சிறைத் தண்டனை விதிக்கலாம். ஆகவே கலைஞர் தம் திறமைக்குச் சான்றாக இணையப் பக்கத்தில் எந்தப் படத்தை இடுகிறார் என்பதில் கவனம் தேவை.

எது ஆபாசம் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆவீக் சர்க்கார் வழக்கில் புதிய அளவுகோலைத் தந்தது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவருடைய வருங்கால மனைவியும் ஆடையின்றி நின்ற படத்தை இந்திய இதழ்கள் மறுபதிப்பு செய்ததால் எழுந்த வழக்கு அது. படத்தை எடுத்தவர் அப்பெண்ணின் தந்தை. இனவெறிக்கு எதிரான செய்தியைத் தாங்கியது அப்படம் என்பதைக் கணக்கில் கொண்ட நீதிமன்றம், விக்டோரியா காலத்து 'ஹிக்லின்' சோதனையைக் கைவிட்டு, சமகாலச் சமூகத்தின் பொது அளவுகோலை ஏற்றது.

படம் ஒப்புதலின்றி வெளியானால் என்ன என்பதில்தான் ஆண்களுக்கான இடைவெளி தெரிகிறது. 2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவு, மறைந்திருந்து பார்த்தலையும் படமெடுத்தலையும் தண்டிக்கிறது. படமெடுக்க ஒப்புக்கொண்டவர் பரப்ப ஒப்புக்கொள்ளாத நிலையில் பரப்பினால் அதுவும் குற்றம் என்று விளக்கவுரையில் தெளிவாகக் கூறுகிறது. பூட்வார் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாதுகாப்பு வேறில்லை. ஆனால் குற்றம் புரிபவர் எவராகவும் இருக்கலாம் என்னும் அப்பிரிவு, பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருந்தால் மட்டுமே பொருந்தும்.

ஆணுக்கு எஞ்சியிருப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு. எந்த ஒரு நபரின் அந்தரங்க உறுப்பையும் ஒப்புதலின்றிப் படமெடுப்பதும் வெளியிடுவதும் அனுப்புவதும் இதன்படி 3 ஆண்டு வரை சிறை, ரூ.2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டுக்கும் உரிய குற்றம். இதில் பாலின வேறுபாடு இல்லை. எனினும் 'அந்தரங்கப் பகுதி' என்பதற்கான வரையறை, பிறப்புறுப்பு, அந்தரங்க முடிப்பகுதி, பிட்டம், பெண்ணின் மார்பகம் என்பதோடு நின்றுவிடுகிறது. துண்டு கட்டிக்கொண்டு படுக்கையில் சாய்ந்திருக்கும் ஆணின் படம், முகத்துடன் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் பரவினால், இப்பிரிவு உதவுமா என்பது ஐயமே. அவரை உறுத்தும் படமும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

ஒப்பந்தத்தின் ஒரு வரி

இதனாலேயே ஆண் வாடிக்கையாளருக்குக் கையொப்பமிடும் தாள் முதன்மையாகிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, புகைப்படத்தின் முதல் உரிமையாளர் பொதுவாக அதை எடுத்தவர். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், உரிய கட்டணம் பெற்று எடுக்கப்பட்ட படமாயின், வேறு உடன்பாடு இல்லாத வரையில், கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர் என்கிறது அப்பிரிவின் விதிவிலக்கு. அதாவது பணம் செலுத்திய வாடிக்கையாளரின் படம் அவருடையதே. 'வேறு உடன்பாடு' என்ற சொற்கள்தான் கவனிக்க வேண்டியவை. அனைத்து உரிமைகளும் கலைஞருக்கே என்ற ஒற்றை வரி ஒப்பந்தத்தில் இருந்தால் நிலைமை தலைகீழாகும்.

இதைவிட அபாயமானது இலவசப் படப்பிடிப்பு. மாடலிங் கனவுடன் இருக்கும் இளைஞர்களிடம், 'போர்ட்ஃபோலியோவுக்காக இலவசமாக எடுத்துத் தருகிறேன்' என்று முன்வருவது இத்துறையில் வழக்கமான ஒன்று. நேர்மையான கலைஞர்களும் அவ்வாறு செய்வதுண்டு. ஆயினும் கட்டணம் ஏதும் இல்லாத இடத்தில் மேற்கண்ட விதிவிலக்கைக் கோருவது கடினம். பதிப்புரிமை எடுத்தவரிடமே தங்கும். இளைஞர் பெயரளவுக்கேனும் கட்டணம் செலுத்தி ரசீது பெறுவதோ, பயன்பாட்டை வரையறுக்கும் எழுத்து உடன்பாட்டில் கையெழுத்து வாங்குவதோ பின்னாளில் கைகொடுக்கும்.

படமெடுப்பதற்கான ஒப்புதலும், வெளியிடுவதற்கான ஒப்புதலும் வேறு வேறு. இரண்டுக்கும் தனித்தனித் தாள்கள் இருப்பது நல்லது. வெளியீட்டு ஒப்புதலைப் படங்களைப் பார்த்தபின், ஒவ்வொரு படத்துக்கும் தனியே கேட்பது மேலும் நேர்மையானது. ஆடை மாற்றும் அறைக்குப் போகும் முன் நீட்டப்படும் தாளை எவரும் முழுமையாகப் படிப்பதில்லை.

அடுத்தது சேமிப்பு. 2008ஆம் ஆண்டு ஹாங்காங் நடிகர் எடிசன் சென்னின் அந்தரங்கப் படங்கள் வெளியேறியது, பழுதுபார்க்கக் கொடுத்த அவருடைய மடிக்கணினியிலிருந்து. மூலக் கோப்புகள் எந்த ஹார்ட் டிஸ்க்கில் உள்ளன, அது கடவுச்சொல்லால் பூட்டப்பட்டதா, திருத்தும் பணி வெளியாளிடம் தரப்படுகிறதா, ஆல்பம் எந்த அச்சகத்தில் அச்சாகிறது, ஒப்படைத்தபின் எத்தனை நாளில் அழிக்கப்படும் என்பன கேட்கத் தகுந்த கேள்விகள். வாடிக்கையாளரின் பக்கமும் ஓட்டை உண்டு: கைபேசியில் இறங்கிய படம் தானாகவே மேகச் சேமிப்புக்குச் சென்று, அதே கணக்கைப் பயன்படுத்தும் வீட்டுத் தொலைக்காட்சியில் தோன்றிய பிறகு கலைஞரைக் குறை சொல்வதில் பயனில்லை.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு புட்டசாமி வழக்கில் உறுதி செய்ததைத் தொடர்ந்து, 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அளித்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் தரவை அழிக்கக் கோரவும் இச்சட்டம் வழிவகுக்கிறது. இதன் விதிகள் 2025ஆம் ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் கட்டங்களாக நடைமுறைக்கு வருகின்றன.

கசிந்தால் என்ன செய்வது?

படத்தைக் காட்டிப் பணம் கேட்டு மிரட்டினால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆவது பிரிவின்கீழ் மிரட்டிப் பறித்தல் ஆகும். இதில் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. பணம் கொடுத்தால் மிரட்டல் ஓய்வதில்லை. அடுத்த தொகைக்கான கோரிக்கையே வரும். உரையாடலை அழித்துவிடாமல் திரைப்பிடிப்பு எடுத்து, எண், கணக்கின் பெயர், தேதி ஆகியவற்றுடன் பாதுகாத்து, 1930 என்ற உதவி எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ புகார் அளிக்கலாம். கூச்சத்தால் ஆண்கள் இதில் காலம் தாழ்த்துவதே மிரட்டுபவரின் மூலதனம்.

படத்தை நீக்குவதற்கு நீதிமன்ற ஆணை வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஒருவரது அந்தரங்கப் பகுதியையோ, முழுமையான அல்லது பகுதி நிர்வாணத்தையோ காட்டும் படம் குறித்துப் புகார் அளித்தால் சமூக ஊடக நிறுவனம் அதை விரைந்து நீக்க வேண்டும். விதிகள் வெளியானபோது அதற்கு 24 மணி நேர அவகாசம் குறிக்கப்பட்டது. 'பகுதி நிர்வாணம்' என்ற சொல் இருப்பதால், 66இ பிரிவுக்கு வெளியே நிற்கும் அந்தத் துண்டு கட்டிய படத்துக்கும் இங்கே இடமுண்டு. மாற்றியமைக்கப்பட்ட போலிப் படங்களும் இதில் அடங்கும். பிரிட்டனிலிருந்து இயங்கும் 'ஸ்டாப்என்சிஐஐ' என்ற கட்டணமில்லாச் சேவை, படத்தைக் கைபேசியிலிருந்து வெளியே அனுப்பாமலே அதன் எண்முறை அடையாளத்தை மட்டும் பெற்று, இணைந்துள்ள சமூக ஊடகத் தளங்களில் அதே படம் பதிவேறுவதைத் தடுக்க உதவுகிறது. இதனை 18 வயது நிறைந்த எவரும் பயன்படுத்தலாம். சமூக ஊடக நிறுவனத்திடம் அளிக்கும் புகாரைப் பாதிக்கப்பட்டவரே தர வேண்டும் என்பதும் இல்லை. அவர் சார்பில் மனைவியோ நண்பரோ படமெடுத்த கலைஞரோகூட அளிக்கலாம்.